எதிர்த்திசையில் ஒரு ஜன்னல் சீட்

பயணம் மனத்தை விரிவாக்கும் என்று என்னிடம் சொன்னவர்கள் எல்லாரும் பயணப்படி கேட்டு வந்தவர்கள். அவர்களுடைய பில்களைச் சரிபார்க்கும் பிரிவில்தான் நான் பணிக்காலம் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். ஊட்டிக்கு ஆய்வுக்குப் போனவர் விரிந்த மனத்தோடு திரும்பினாரா என்பது எனக்குத் தெரியாது. விடுதி ரசீது இல்லாமல் திரும்பினார் என்பது தெரியும். நான் போன ஊர் ஒன்றுதான். குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் கோட்டை.

ஓய்வுக்குப் பிறகு நாடகம் எழுதத் தொடங்கினேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டு விழாவில் என் நாடகம்தான் கடைசி நிகழ்ச்சி. பாதிப் பேர் அதற்குள் சாப்பிடப் போய்விடுவார்கள் என்பது வேறு விஷயம். இந்த வருடம் சங்கச் செயலாளர் என்னை லிஃப்ட் வாசலில் மடக்கினார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. பசங்க எல்லாம் இந்த வருஷம் கரோக்கி வேணும்னு கேக்கறாங்க. சனிக்கிழமை சாயங்காலம் கமிட்டில உங்க ஸ்கிரிப்ட வாசிச்சுக் காட்டுங்க. புடிச்சிருந்தா போடலாம்."

"புடிக்கலைன்னா?"

"மைக் செட்டுக்குச் சொல்லிட்டேன் சார்."

எழுதிய வரைக்கும் என் மனைவியிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"உங்க நாடகத்துல யாருமே எழுந்திருக்கறதில்லைங்க. போன வருஷம் ஒரு மேனேஜரும் கிளார்க்கும் ஒக்காந்து பேசினாங்க. இந்த வருஷம் ஒரு சூப்பரின்டென்டும் கிளார்க்கும் ஒக்காந்து பேசறாங்க."

"அது வேற கிளார்க்."

"அவனாவது கொஞ்சம் வெளில போய்ட்டு வரட்டுமே."

சனிக்கிழமை காலை வரை அவன் வெளியே போகவில்லை. எனவே நான் போனேன். கடற்கரை நிலையத்துக்குப் பக்கத்தில், மண்ணடியில் ஒரு பழைய நண்பர் இருக்கிறார். சபா நாடகங்களில் நடித்தவர். அவரிடம் ஒரு முடிவைக் கடன் வாங்கலாம் என்பது திட்டம்.

குரோம்பேட்டையிலிருந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடற்கரைப் பக்கம் போகும் வண்டி தாம்பரத்திலேயே நிரம்பிவிடும். ஆகவே எதிர்ப் பக்கம் ஏறி, தாம்பரம் வரை பின்னால் போய், எல்லாரும் இறங்கும்போது ஜன்னலோரம் கைக்குட்டையைப் போட்டு உட்கார்ந்துவிடுவோம். அதே வண்டி திரும்பி நகரத்துக்குப் போகும். என் சீசன் டிக்கெட்டைக்கூட தாம்பரத்திலிருந்துதான் எடுத்திருந்தேன். வீடு குரோம்பேட்டையில் இருக்க ஏன் இந்த வீண் செலவு என்று சக ஊழியர்கள் சிரித்தார்கள். பின்னால் போவதற்கும் டிக்கெட் வேண்டும் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

அன்றும் ஒழுங்கு தவறவில்லை. தாம்பரத்துக்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து கடற்கரைக்கு ஒன்று. தாம்பரம் வந்தது, கூட்டம் இறங்கியது, கைக்குட்டை விழுந்தது. வெற்றியோடு உட்கார்ந்தேன். வண்டியின் முன்னால் எந்த ஊர் பெயர் போட்டிருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை. சுற்றறிக்கையைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும் என்று ஓர் அலுவலகத்துக்கே பாடம் எடுத்தவன் நான்.

வண்டி கிளம்பியது. தெற்கே.

எழுந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். வாசலோரம் மீன் கூடையை அணைத்துக்கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். காசிமேட்டிலிருந்து சரக்கோடு வருகிறவர்.

"இன்னா சார், சீட்டுல முள்ளு கீதா?"

"இந்த வண்டி திரும்பாதா?"

"திரும்பும். செங்கல்பட்டு போயி திரும்பும். நீ குந்து."

எதிரே கம்பெனிச் சட்டை போட்ட ஒருவர் அக்கறையோடு முன்னால் சாய்ந்தார். "பெருங்களத்தூர்ல எறங்கி அந்தப் பக்கம் ஏறிடுங்க சார்."

"எறங்குனா சீட்டு பூடும்பா," என்றார் மீன்கார அம்மாள். "கர்ச்சீப்பு போட்டு புட்ச்ச மனுசன்."

மறைமலை நகர் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்குப் போகும் மூன்று பெண்கள் கம்பியைப் பிடித்து நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி சொன்னாள்: "அங்கிள், செங்கல்பட்டு வரைக்கும் போங்க. அப்படியே அதே சீட்ல பீச் போயிடலாம்."

"என் டிக்கெட் தாம்பரத்தோட முடிஞ்சிடுச்சும்மா. செக்கர் வந்து கேக்கறதுக்கு முன்னாடி நாமளே போய்ச் சொல்லிடணும். அதுதான் முறை."

"அப்ப போய் சொல்லு," என்றார் மீன்கார அம்மாள்.

"செக்கர் எங்க இருப்பார்?"

"அவர எவன் சார் தேடிக்கினு போவான்?"

பெட்டி சிரித்தது. பிறகு இரண்டாகப் பிரிந்தது. இறங்கச் சொல்லும் கட்சிக்குக் கம்பெனிச் சட்டைக்காரர் தலைவர். இறங்காதே கட்சிக்கு மீன்கார அம்மாள். பெருங்களத்தூர் வந்தபோது நான் வாசலுக்குப் போனேன். "சீட்டு, சீட்டு," என்று குரல் வந்தது, திரும்பிவிட்டேன். வண்டலூரிலும் அதே கூத்து. ஊரப்பாக்கத்தில் ஏறிய ஒருவர் என் இடத்தில் உட்காரப் போக, அந்தப் பெண்கள் மூவரும் சேர்ந்து விரட்டினார்கள். கூடுவாஞ்சேரிக்குள் என் கைக்குட்டை ஒரு பொதுச் சொத்தாகிவிட்டிருந்தது.

மறைமலை நகரில் அந்தப் பெண்கள் இறங்க வேண்டும். பிளாட்பாரத்தில் கால் வைத்த பிறகு ஒருத்தி ஜன்னலுக்கு ஓடி வந்தாள்.

"அங்கிள், கடைசில நீங்க எறங்கினீங்களா இல்லையான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

வண்டி நகர்ந்துவிட்டது. எனக்குத் தலைமுடி சிலிர்த்தது. மீதி இருக்கும் முடிக்கு அது சாதனைதான். என் நாடகத்தின் முடிவைத் தெரிந்துகொள்ள இதுவரை ஒரு மனிதப் பிறவியும் ஆசைப்பட்டதில்லை. இங்கே ஒருத்தி ஷிப்டுக்கு நேரமாவதை மறந்து கேட்கிறாள். என்ன முடிவு என்பதை விடுங்கள், முடிவு வேண்டும் என்ற தவிப்பு இருக்கிறதே, அதை எந்த நண்பரிடம் போய்க் கடன் வாங்குவது?

சிங்கபெருமாள் கோவிலில் மீன்கார அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டார். "சீட்ட வுட்றாத சார்," என்று எச்சரித்துவிட்டு இறங்கினார். மனைவிக்குப் போன் செய்தேன்.

"எங்க இருக்கீங்க?"

"பரனூர்."

"பீச்சுக்குத்தானே போனீங்க?"

நடந்ததைச் சொன்னேன். மீன்கார அம்மாளின் பேச்சையும் சொல்லிக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் சிரித்தாள்.

"எறங்கிடாதீங்க. அப்படியே போங்க."

அதற்குள் ஜன்னல் முழுவதும் தண்ணீராகிவிட்டது. கொளவாய் ஏரி. மதுரைக்கும் திருச்சிக்கும் கல்யாணங்களுக்குப் போகும்போது இதைத் தாண்டியிருக்கிறேன், எல்லா முறையும் மேல் பர்த்தில் தூங்கிக்கொண்டு. இப்போது வெயில் ஏரி மேல் படுத்திருந்தது, வண்டியோடு போட்டி போட்டுக்கொண்டு கொக்குகள் பறந்தன. நான் கைபேசியில் வசனங்களைச் சொல்லிப் பதிவுசெய்துகொண்டிருந்தேன். மீன்காரியின் குரலில் ஒரு வரி, கம்பெனிக்காரரின் குரலில் ஒரு வரி. பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

செங்கல்பட்டில் சீட்டை விட்டேன். நேராகக் கவுன்டருக்குப் போய், டிக்கெட் இல்லாமல் வந்துவிட்டேன், உரியதைக் கட்ட வேண்டும் என்றேன். உள்ளே இருந்தவர் என்னைவிட என் பின்னால் நின்ற வரிசையைத்தான் பரிதாபமாகப் பார்த்தார். ரசீதும் குரோம்பேட்டைக்கு ஒரு டிக்கெட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். திரும்பும் வண்டியில் குரோம்பேட்டை வரை நின்றுகொண்டே வந்தேன். நண்பர் வீட்டுக்குப் போகவில்லை.

மாலையில் கார் நிறுத்துமிடத்தில் கமிட்டி கூடியது. பிளாஸ்டிக் நாற்காலிகளை ரயில் பெட்டி போலத் திருப்பிப் போட்டு, நானே எல்லாக் குரலிலும் வாசித்தேன். பாதியில் செயலாளர் கையைத் தூக்கினார். கரோக்கி என்று நினைத்தேன்.

"சார், பாத்ரூம் போய்ட்டு ஓடி வந்துடறேன். அதுவரைக்கும் படிக்காதீங்க."

வந்தார். மறைமலை நகர் காட்சியோடு தாள்களை மடித்தேன்.

"அப்புறம்? எறங்கறாரா இல்லையா?"

"இன்னும் எழுதல. விழாவில பாத்துக்கலாம்."

"சார், இது நியாயமில்ல," என்றவர் கைபேசியை எடுத்தார். பிறகு மைக் செட்காரரை அழைத்தார். "அண்ணா, ரயில் சத்தம் போட முடியுமா? கரோக்கி முன்னாடியே முடிஞ்சிடும். நாடகம்தான் லாஸ்ட்."

வீட்டில் மீன்காரி வேடம் யாருக்கு என்ற பேச்சு எழவே இல்லை. மனைவி துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னா சார், சீட்டுல முள்ளு இருக்கா?"

"'இருக்கா' இல்ல, 'கீதா'."

"அதுக்குத்தான் அந்தம்மா பேசறத நேர்ல போய்க் கேக்கணும்ங்கறேன்."

திங்கட்கிழமை அதே வண்டிக்குப் போகிறோம். இந்தமுறை செங்கல்பட்டுக்கே டிக்கெட். ஜன்னல் சீட் அவளுக்கு.