முதல் பாதையில் அக்காவும் அவளுடைய மஞ்சள் கண்களும்

இதை எங்கள் ஊர் மண்டூரில் யாருக்கும் தயவுசெய்து காட்டிவிடாதீர்கள். அம்மாவின் காதுக்கு எட்டினால் என் போனும் போய்விடும், அக்காவின் வியாழக்கிழமையும் போய்விடும்.

அக்காவுக்கு வயது இருபத்தாறு. ஒரு மாதமாகக் கண் மஞ்சள். நோவு இல்லை, ஆனால் இரவெல்லாம் உடம்பைச் சொறிகிறாள். அம்மா கீழ்க்காய்நெல்லியை அரைத்து ஆட்டுப்பாலில் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். வியாழக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊர் கதைக்குமாம். பித்தக்குழாய்ப் புற்றுநோய் பல நாடுகளில் இளம் வயதினரிடமும் கூடி வருகிறது என்று போனில் வாசித்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. திங்கட்கிழமை, புத்தகம் வாங்கப் போகிறோம் என்று பொய் சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம். முதல் பாதை காலை ஆறு மணிக்கு. அம்மா இல்லாமல் நான் அதில் ஏறியது இதுதான் முதல் தடவை! நடு வாவியில் வெயில் எழும்பியபோது பயத்தையும் மறந்து சிரித்துவிட்டேன். பாதைக்காரர் அக்காவின் கண்ணைக் கவனித்துவிட்டார்.

"காமாலையா கா? கீழ்க்காய்நெல்லி குடிச்சாப் போயிரும் புள்ள."

"குடிச்சுக் குடிச்சு, இனி ஆடு மாதிரிக் கத்துறதுதான் மிச்சம் மாமா," என்றாள் அக்கா. பாதை முழுக்கச் சிரித்தது.

அக்கரையில் குருமண்வெளியில் இறங்கி ஆட்டோவில் களுவாஞ்சிகுடி, அங்கிருந்து மட்டக்களப்புக்கு ஒரு மணித்தியால பஸ். யன்னலோரம் எனக்குத்தான்.

அங்கே ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேனில் பித்தக்குழாய் வீங்கியிருந்தது, கீழே ஓர் அடைப்பு. நான் பயந்தது வீணில்லை!

"பித்தக்குழாய்ப் புற்றுநோய் வயசுபோன ஆக்களுக்குத்தான் வரும் எண்டு முந்தி நினைச்சம்," என்றார் ஸ்கேனைப் பார்த்த பெண் டொக்டர். "இப்ப இளம் ஆக்களுக்கும் வருது. ஏனெண்டு வடிவாத் தெரியாது. இது புற்றுநோய்தான் எண்டு இன்னும் சொல்லேலாது. அப்பிடி இருந்தாலும், வெட்டி எடுக்கக்கூடிய நேரத்தில வந்திருக்கிறீங்க எண்டு நம்புவம். வியாழக்கிழமை பெரிய ஸ்கேனுக்குக் கட்டாயம் வாங்க."

திரும்பி வரும்போது அக்கா கேட்டாள்: "வியாழக்கிழமை மாப்பிள்ளையைப் பாக்கிறதா, மிசினைப் பாக்கிறதா?"

"மாப்பிள்ளை காத்திருப்பார் அக்கா."

"காத்திருக்காட்டிப் போகட்டும்."

எனக்குத் துள்ளவேண்டும் போலிருந்தது. ஆனால் அம்மாவிடம் சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. நாளைக்கு வியாழக்கிழமை. இன்றிரவு அக்கா கீழ்க்காய்நெல்லிச் சாற்றைக் குடிக்காமல் அம்மாவோடு குசினி அடுப்படியில் இருக்கிறாள். என்ன கதைக்கிறார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு போங்கள். கண் மஞ்சளோடு சொறிச்சலும் இருந்தால் வயதைப் பார்த்துச் சும்மா இருக்காதீர்கள். முக்கியமாக, முதல் பாதையைத் தவறவிட்டால்—

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அம்மா.

"புள்ள, நீ முழிப்பெண்டு தெரியும். முதல் பாதை எத்தின மணிக்கு கா? நானும் வாறன்."