நான்காம், ஐந்தாம் குகைகளுக்கு நடுவில்

கணவர் இறந்த மூன்றாவது வாரமே அவள் அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டாள். உப்புப் பாறையைக் குடைந்து எண்ணெய் சேமிக்கும் நிலத்தடிக் குகைகள் தாங்குமா என்று கணினியில் கணக்கிட்டுச் சொல்வது பத்தொன்பது வருடமாக அவள் வேலை.

எண்ணெயை மேலே கொண்டுவரத் தண்ணீரை உள்ளே விடுவார்கள். ஒவ்வொரு தடவையும் உப்புச் சுவர் கொஞ்சம் கரையும். நான்காம் குகைக்கும் ஐந்தாம் குகைக்கும் நடுவிலிருந்த சுவரை அவள் மூன்று விதமாகக் கணக்கிட்டாள். மூன்றிலும் ஒரே விடை.

"இன்னும் ஒரு தடவை தண்ணி விட்டா சுவர் நிக்காது சார்."

மேலாளர் தயங்கினார். "நிச்சயமாம்மா? நீங்க இருக்கிற நிலைமையில..."

"என் நிலைமை கணக்குக்குத் தெரியாது சார்."

அவர் தண்ணீர் விடும் வேலையை நிறுத்தச் சொன்னார். பிறகு குகைக்குள் ஓர் அளவுக் கருவியை இறக்கி அளந்தபோது, அவள் சொன்னதைவிடச் சுவர் இன்னும் மெலிந்திருந்தது. எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டு பாராட்டினார்கள். சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று அவளுக்குப் புரிந்தது. ஆனால் உள்ளே ஒன்றும் அசையவில்லை.

மாலையில் அக்கா போன் செய்தாள். "இன்னிக்காவது அழுதியாடி?"

"இல்லக்கா. ஆபீஸ்ல பாராட்டினாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பஸ் வந்துச்சு. ஏறி உக்காந்துட்டேன்."

அக்கா போனை வைக்கவில்லை. அவள் இறங்கும் நிறுத்தம் வரை இருவரும் பேசாமலேயே இருந்தார்கள்.