வசந்தாமணி வாங்கிய கூரை திறக்கும் கார்

முதலில் வலது சக்கரம். காரின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே வெளியே குனிந்து, பக்கத்தில் நிற்கும் சக்கர நாற்காலியின் அச்சில் உள்ள பித்தானை அழுத்தி, சக்கரத்தைப் பிடுங்குகிறார் வசந்தாமணி. அதைத் தூக்கித் தோளுக்கு மேலாகப் பின்சீட்டில் போடுகிறார். அடுத்து இடது சக்கரம். கடைசியில் நாற்காலியின் சட்டம். ஒரு மூச்சு இழுத்து, இரண்டு கையாலும் அதை மடியில் ஏற்றி, மார்போடு அணைத்து, தலைக்கு மேலே உயர்த்திப் பின்னால் ஒரு வீச்சு. கூரை திறந்த கார் என்பதால் இடிப்பதற்கு மேலே ஒன்றுமில்லை. பிறகு செல்போனைப் பார்க்கிறார்.

“மூணு நிமிசம் பத்து செகண்டுங்க சார். நேத்து மூணுக்குள்ள வந்துருச்சு. காலைல களி தின்னது தப்பாப் போச்சு.”

பின்சீட்டில் போட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, நாற்காலியைத் திரும்பப் பூட்டி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார். தினமும் காலையில் பன்னிரண்டு தடவை இந்த வேலை. நாமக்கல்லில் அப்போது மணி ஆறரை. அவரைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவதற்காகச் சேலத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவன் நான்; அவருடைய அலுவலகத்தின் பின்வாசலில் ஒரு வழுக்கை லாரி டயரின் மேல் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். நான்காவது தடவை அவர் சட்டத்தைத் தூக்கியபோது என்னையறியாமல் எழுந்து கையை நீட்டிவிட்டேன். அவர் பார்த்த பார்வையில் டயருக்கே திரும்பிப் போனேன்.

வசந்தாமணிக்கு நாற்பத்தாறு வயது. இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் இரண்டு கால்களையும் கொண்டுபோய்விட்டது. இருபத்திரண்டு வருடமாக லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறார். எந்த ஊரில் சரக்கு இருக்கிறது, எந்த லாரி காலியாகத் திரும்புகிறது என்று பார்த்து இரண்டையும் சேர்த்துவைக்கிற தொழில். நாக்பூருக்கு முட்டை, அங்கிருந்து ஆரஞ்சு, கவுகாத்திக்கு ஜவ்வரிசி என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே இந்தியாவை ஓட்டுகிறார். ஆள் சிறுகூடு. குரல் மட்டும் ஆறடி உயரம். முதல் தடவை நேரில் பார்க்கிற டிரைவர்கள் அவருக்குப் பின்னால் வேறு யாரோ இருப்பதாக நினைத்து எட்டிப் பார்ப்பார்களாம்.

அவர் கார் வாங்கிய கதைக்கு வருவோம். கைகளால் ஓட்டுகிற மாதிரி சாதாரணக் காரையே மாற்றிக்கொள்ளலாம், பலர் செய்திருக்கிறார்கள். வசந்தாமணியும் அதைத்தான் முதலில் யோசித்தார். ஆனால் காரில் ஏறி உட்கார்ந்த பிறகு வெளியே நிற்கிற நாற்காலியை யார் எடுத்துப் பின்னால் வைப்பது? போகிற ஊரில் யார் இறக்கிக் கொடுப்பது? கூரைக்கும் தலைக்கும் நடுவில் இருக்கிற இடத்தில் அவரால் நாற்காலியைத் திருப்ப முடியவில்லை. ஆறு மாதம் இதே யோசனை. ஒருநாள் செல்போனில் ஒரு வீடியோ வந்தது. எங்கோ வெளிநாட்டில் ஒரு பெண், திறந்த காரில் உட்கார்ந்தபடி தன் நாற்காலியைத் தோளுக்கு மேலாகப் பின்னால் போட்டுவிட்டுக் கிளம்பிப் போகிறாள்.

“பதினஞ்சு தடவ பாத்தேனுங்க. அவளுக்கும் ரெண்டு கை, எனக்கும் ரெண்டு கை. அவகிட்ட கூரையில்லாத காரு இருக்குது, என்றகிட்ட இல்ல. அவ்வளவுதானுங்க வித்தியாசம்.”

கோயம்புத்தூரில் ஒரு மில்காரர் வீட்டுப் பையன் பத்து வருடம் வைத்திருந்த ஜெர்மன் வண்டி விலைக்கு வந்தது. நீல நிறம், இரண்டே கதவு, நாலு சீட்டு, தானாக மாறும் கியர். பித்தானை அழுத்தினால் துணிக்கூரை மடிந்து பின்னால் போய்ப் படுத்துக்கொள்கிறது. இரண்டு கதவு வண்டி என்பதால் கதவுகள் நீளம். திறந்தால் நாற்காலியை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தத் தோதாக இருக்கிறது. லாரி டிரைவர்களை விட்டு விசாரித்து, என்ஜினைக் கழற்றிப் பார்க்காத குறையாகப் பார்த்து வாங்கினார். ஊர் சும்மா இருக்குமா? ‘காலில்லாதவளுக்குக் கூரையில்லாத காரு’ என்று ஒரு வசனம் டீக்கடைகளில் ஓடியது. இதை எனக்குச் சொன்னவரே அவர்தான், சிரித்துக்கொண்டு. விலையைக் கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே பதில் வைத்திருக்கிறார்: “ஒரு லாரிக்கு ஆவறத விடக் கம்மிதானுங்க.” லாரி ஊரான நாமக்கல்லில் இதற்கு மேல் யாரும் வாயைத் திறப்பதில்லை.

வண்டியை மாற்றிக் கொடுத்தவர் சின்னண்ணன். லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைக்காரர். ஜெர்மன் காரையே அதற்கு முன் தொட்டதில்லை என்பதை அவரே பெருமையாகச் சொல்கிறார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கைப்பிடி வேண்டும். முன்னால் தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் வேகம். இதுதான் வேலை. சின்னண்ணன் முதலில் செய்து வைத்த கைப்பிடி பதினாறு சக்கர லாரியை நிறுத்தக்கூடியது. வசந்தாமணி அதைத் தள்ளிப் பார்த்தார். அது அவரைத் தள்ளியது. “நாம செஞ்சா பத்து வருசத்துக்கு அசையக் கூடாதுங்க” என்றாராம் சின்னண்ணன். “அசையறதுக்குத்தான உங்ககிட்ட குடுத்தேன்” என்றாராம் இவர். மூன்றாவது கைப்பிடிதான் இப்போது இருப்பது. ஒற்றைக் கையால் வளைப்பதற்கு ஸ்டியரிங்கில் ஒரு குமிழும் வைத்தார்கள்.

நம் ஊர் வேகத்தடைகளில் வண்டியின் வயிறு உரசியது. அதற்காக இரண்டு அங்குலம் உயர்த்தினார் சின்னண்ணன். உயர்த்தியதும் கார் சீட்டும் நாற்காலியும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்து நின்றன. இந்த லாபத்தை இரண்டு பேருமே எதிர்பார்க்கவில்லை. நாற்காலியையும் அவரே அலுமினியக் குழாயில் புதிதாக அடித்துக் கொடுத்தார். பழைய நாற்காலியின் எடையில் பாதிதான். எல்லாம் முடிந்தபின் பழக்க தோஷத்தில் பின்பக்கம் ‘ஒலி எழுப்பவும்’ என்று எழுத பிரஷ்ஷை எடுத்துவிட்டார். கடைசி நொடியில் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். கண்ணேறு படாமலிருக்கக் கறுப்புக் கயிறு மட்டும் பம்பரில் தொங்குகிறது.

வண்டியை மாற்றியதற்கான அனுமதிக்கும் உரிமத்துக்கும் மூன்று தடவை அலைந்தார். “இதுக்கு எதுக்கும்மா ஓப்பன் காரு?” என்று கேட்ட அதிகாரிக்கு நாற்காலியைக் கழற்றிப் பின்னால் போட்டுக் காட்டினார். அதிகாரி இரண்டாவது தடவை செய்யச் சொன்னார். சந்தேகத்தால் அல்லவாம், பக்கத்து அறையில் இருந்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டுவதற்காக.

காகிதம் எல்லாம் கைக்கு வந்துவிட்டது. ஆனால் வண்டி அலுவலக வாசலைத் தாண்டித் தனியாகப் போகவில்லை. காரணம் அண்ணன் ஜெகதீஸ்வரன். பள்ளிக்கூடத்துக்கு முதுகில் சுமந்து போனது முதல் இன்றுவரை தங்கையை எங்கும் கொண்டுபோய் விட்டு, கொண்டுவருகிறவர் அவர்தான். வயது ஐம்பத்தைந்து. சொந்த வேலையில் பாதி நேரம் அதிலேயே போயிருக்கிறது. ஒருநாளும் முகம் சுளித்தவர் இல்லை. நான் இருக்கும்போதே அலுவலகத்துக்கு வந்து தங்கையிடம் சொன்னார்: “நான் என்ன செத்தா போயிட்டேன் அம்முணி? எங்க போகோணும்னு சொல்லு, கூட்டீட்டுப் போறேன். நடுரோட்டுல நின்னு போச்சுன்னா என்ன பண்ணுவ?” காரை வாங்கிக்கொள்ள ஓர் ஆளையும் பார்த்து வைத்திருந்தார், நல்ல விலைக்கு.

அண்ணன் போன பிறகு வசந்தாமணி சொன்னார்: “தங்கமான மனுசனுங்க. இடுப்பு வலிக்கு பெல்ட்டு கட்டீட்டு என்னையத் தூக்கறாரு. கேட்டா, புது பேசனுங்கறாரு. நான் எங்க போனாலும் அவரு வெளிய நின்னுட்டு இருப்பாரு. ஒரு வார்த்த சொல்ல மாட்டாருங்க. ஆனா அவரு வெயில்ல நிக்கறாருன்னு நெனச்சா, எனக்கு யாரு ஊட்டுலயும் உக்காந்து பேச மனசு வராது. வெண்ணந்தூர்ல சித்ரான்னு ஒரு சிநேகிதி. டைப்ரைட்டிங் கிளாஸ்ல பழக்கம், முப்பது வருசமாச்சு. அவதான் எப்பவும் இங்க வருவா. நான் அவ ஊட்டுக்கு ரெண்டே தடவதான் போயிருக்கேன். ரெண்டும் சேத்து அர மணி நேரம் இருக்காது. ஒரு பொழுது அவ ஊட்டுல சும்மா உக்காந்துருக்கோணும் சார். அதுக்குத்தான் இத்தன பாடு.”

சொல்லிவிட்டு என்னை ஒரு முறை முறைத்தார். “தன்னம்பிக்கைங்கற வார்த்தைய மட்டும் போட்டுறாதீங்க. போட்டா உங்க பத்திரிகைய நான் வாங்க மாட்டேன்.”

நான் தலைப்பில் அதைத்தான் வைத்திருந்தேன். அடித்துவிட்டேன்.

அந்த வாரம் அண்ணனிடம் அவரே ஒரு பேச்சு வைத்தார். ஞாயிற்றுக்கிழமை தனியாக வெண்ணந்தூர் போய், சித்ரா வீட்டுக்குள் தானே போய் உட்காருவேன். நடுவில் ஒருத்தர் கை என்மேலோ நாற்காலி மேலோ பட்டால்கூட, திங்கட்கிழமை வண்டியை விற்றுவிடலாம். அண்ணன் யோசித்துவிட்டு, சரி என்றார். தங்கை சொன்ன சொல் மாறமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும்.

அந்தக் காரில் நானும் வருகிறேன் என்றேன். “நீங்க கூட இருந்தா அது எப்படிங்க தனியாப் போனதாகும்? பஸ்ஸுல போயிருங்க” என்றார். அதனால் ஞாயிறு காலை சேலம் அம்மாபேட்டையில் என் வீட்டிலிருந்து கிளம்பி, இரண்டு பஸ் மாறி, சித்ராவின் வீட்டு வாசலில் போய் நின்றேன். படிக்கட்டின் மேல் சரிவாக ஓர் அகலப் பலகையை முந்தின நாளே அடித்து வைத்திருந்தார் சித்ரா. தெருவெங்கும் விசைத்தறிச் சத்தம்.

பத்தரைக்கு நீல வண்டி தெருவுக்குள் நுழைந்தது. கூரை திறந்திருந்தது. வசந்தாமணியின் முகம் வெயிலில் கறுத்து, தலையெல்லாம் புழுதி. தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. வேலையை விட்டுவிட்டு ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். அவர் கதவைத் திறந்து பின்சீட்டுக்குக் கையை நீட்டிய அடுத்த நொடி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார் ஒருவர். “இருங்கக்கா, நான் எடுத்துத் தர்றேன்!”

“தொடாதீங்க!”

அந்த ஆறடிக் குரல் தெருவையே நிறுத்தியது. ஓடிவந்தவர் தீயை மிதித்தவர்போல் பின்வாங்கினார். “கோவிச்சுக்காதீங்க தம்பி. நீங்க தொட்டா என்ற வண்டி போயிருமுங்க” என்றார் வசந்தாமணி. அந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை. சித்ரா இரண்டு கையையும் அகல விரித்து, கூட்டத்துக்கும் காருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். நல்ல மனசுக்காரர்கள் நிறைந்த தெருவில் ஒருத்தர் கையும் படாமல் இறங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சட்டத்தைத் தலைக்கு மேலே கொண்டுவரும்போது அதன் ஒரு கால் சீட் பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. இழுத்தார். வரவில்லை. மெதுவாகப் பின்சீட்டிலேயே இறக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். என் கால் தானாக ஓர் அடி முன்னால் போனது. சித்ரா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அழுகை வருகிற மாதிரி இருந்தது எனக்கு, எதற்கென்று தெரியாமல். வசந்தாமணி மறுபடியும் பின்னால் திரும்பி, பெல்ட்டைத் தடவி விலக்கி, பல்லைக் கடித்துத் தூக்கினார். சட்டம் வந்துவிட்டது. ஒரு சக்கரம், இன்னொரு சக்கரம். கையை ஊன்றி, உடம்பைத் தூக்கி, சீட்டிலிருந்து நாற்காலிக்கு மாறினார். பலகையில் பாதி ஏறியதும் நாற்காலி ஓரடி பின்னால் சறுக்கியது. இரண்டே தள்ளில் வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்டார். வெளியே யாரோ கை தட்டினார்கள். “சினிமாவா நடக்குது? போயித் தறிய ஓட்டுங்க!” என்று உள்ளிருந்தே சத்தம் போட்டார்.

காப்பி வந்தது. சித்ராவின் வீட்டை அவர் சுவர் சுவராகப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார், மீன்தொட்டியைப் பார்த்தார், சமையலறை வரை ஒரு சுற்றுப் போய்வந்தார். இரண்டு பேரும் பேசத் தொடங்கினார்கள். நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டார்கள். கால் மணி நேரம் போயிருக்கும். ஜன்னல் பக்கம் போன சித்ரா திரும்பி, குரலைத் தாழ்த்தினார்.

“வசந்தா, எதுத்தாப்புல வேப்பமரத்தடியில உங்கண்ணன் நிக்கறாரு புள்ள. பைக்குல பின்னாலயே வந்துருப்பாராட்ட இருக்குது.”

நானும் எட்டிப் பார்த்தேன். அடையாளம் தெரியக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றிருந்தார். இடுப்பில் பெல்ட். முப்பத்தைந்து கிலோமீட்டரும் தூரத்திலேயே வந்திருக்கிறார், பக்கத்தில் வரவில்லை. சித்ரா போன இரண்டு தடவையின் நினைப்பில் காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். “அப்பறம், கெளம்பறியா?”

வசந்தாமணி ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் அண்ணனைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, மறைக்கவில்லை. “உள்ள வரச் சொல்லு, காப்பி குடு. வரலீன்னா நிக்கட்டும். அது அவரு இஷ்டம்” என்றார்.

பிறகு குனிந்து, நாற்காலியின் வலப்பக்கத்து பிரேக்கை இழுத்துப் போட்டார். இடப்பக்கத்தையும் போட்டார்.