ஆறு சிலிப்பர் கட்டைகள்

கிளிநொச்சி நகரை ஒட்டிய எங்கள் சின்னப் புகையிரத நிலையத்தில் மீண்டும் ரயில் நிற்கத் தொடங்கியபோது ஊரே போய்ப் பார்த்தது. அப்பா மட்டும் போகவில்லை. சண்டைக் காலத்தில் அங்கே இரண்டு சுவர்கள்தான் மிஞ்சியிருந்தன. தண்டவாளம் கிடந்த தடத்தில் மாடு மேய்ந்தது. இப்போது புது மேடை, ரிக்கற் கொடுக்கும் யன்னல், குழாய்த் தண்ணீர், காலையில் வவுனியாவுக்கு ஒரு ரயில். ஒரு நிமிடம்தான் நிற்கும். எங்களுக்கு அதுவே பெரிய காரியம்.

அம்மாவுக்கு மாதம் ஒருமுறை வவுனியா ஆஸ்பத்திரியில் கண் கிளினிக். பஸ் ஏறினால் வயிற்றைப் புரட்டி வழி நெடுகச் சத்தி. ரயிலில் போவோம் என்றால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் துணைக்கு வராமல் அம்மா படலையைத் தாண்ட மாட்டார். இருவரின் பிடிவாதத்துக்கும் நடுவில் நான்தான் வெந்தேன்.

ஒருநாள் காரணம் கேட்டேன். சண்டைக் காலத்துச் செல்லடிக்குப் பயந்து பங்கர் வெட்டியபோது, அதன் மேலே போட, தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த சிலிப்பர் கட்டைகளில் ஆறை அந்த நிலையத்திலிருந்து கழற்றி வந்தவராம். எல்லோரும்தான் கழற்றினார்கள். அதற்காக வெட்கப்பட்டவர் இவர் ஒருவர்தான். களவெடுத்த இடத்தில் போய் ரிக்கற் கேட்க மாட்டாராம். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அப்படியென்றால் அங்கே போய் உண்மையைச் சொல்லிவிட்டு ரிக்கற் எடுங்கள் என்றேன்.

அடுத்த கிளினிக் நாளில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எங்களோடு புறப்பட்டார். ஸ்ரேசன் மாஸ்ரர் முல்லைத்தீவுக்காரர், என் வயதுதான் இருக்கும். அப்பா யன்னலில் குனிந்தார்.

"தம்பி, இந்த ஸ்ரேசன்ர கட்டை ஆறு நான் கழட்டினனான். திருப்பித் தர ஒண்டும் மிச்சமில்லை."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ரயில் வருகிற நேரம் வேறு.

பங்கருக்குள் எத்தனை பேர் இருந்தீர்கள் என்று கேட்டார் அவர். மனைவி, இரண்டு பிள்ளைகள், தான், நாலு பேரும் உயிரோடு இருக்கிறோம் என்றார் அப்பா.

"எங்கட பங்கருக்குக் கட்டை கிடைக்கேல்லை, ஐயா. தகரத்துக்கு மேல மண்தான் போட்டது. நானும் அம்மாவும்தான் மிஞ்சினனாங்கள். நீங்கள் எடுத்தது நல்லது."

மூன்று ரிக்கற் என்று நான்தான் கேட்டேன்.

பிறர் முன்னால் அப்பா அம்மாவின் கையைப் பிடித்து நான் அதுவரை பார்த்ததில்லை. அன்று வவுனியா வரும்வரை விடவில்லை.