ஜோசப்பைக் கூப்பிடச் சொன்னாள்

இன்று காலை பேத்தியின் கணினி விளையாட்டில் பின்னணி இசை விக்கி விக்கி வந்தது. நான் நாற்காலியை விட்டு எழுவதற்குள் என் மனைவி சொல்லிவிட்டாள்: "ஜோசப் அண்ணன கூப்புடுங்களேன்."

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இதே பேச்சுதான்.

எண்பதுகளில் அவளுடைய அண்ணன் மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். எங்களுக்கு நிச்சயமாகியிருந்த நேரம். ஆயுத பூஜைக்கு மறுநாள் ஒரு மெஷினில் இசை அறுந்து அறுந்து வந்தது. அவள் பார்க்கிறாளே என்று நான் பின்பக்கப் பலகையைக் கழற்றிப் போட்டு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

என் கூட்டாளி ஜோசப் வந்தான். மாதா கோயிலுக்குப் போகிறவன்.

"என்னா மச்சான், மெஷினு தொண்டையில துன்னூற அடச்சிட்டீங்களா?"

சத்தம் கூட்டும் குமிழில் பட்டை பட்டையாகப் பூசிய விபூதி காய்ந்து உள்ளே உதிர்ந்திருந்தது. அதைத் துடைத்து, குமிழை இப்படியும் அப்படியும் திருகினான். இசை தடையில்லாமல் ஓடியது.

"ஜோசப் அண்ணனுக்கு கைராசி லா," என்றாள் அவள். என் கையைப் பற்றி இன்றுவரை அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை.

இன்றும் வந்தான். கணினியில் பின்னால் ஓடிக்கொண்டிருந்த எதையெதையோ மூடினான். இசை சரியானது. என் கோப்பையில் அவனுக்குத் தேநீர் போனது.

எழுதத் தெரியாத நான் சொல்லச் சொல்ல, பேத்தி சிரித்துக்கொண்டே இதைக் கணினியில் தட்டுகிறாள்.

உங்கள் வீட்டில் பழுதான சாமான் இருந்தால் சொல்லுங்கள். ஜோசப்பை அனுப்பிவைக்கிறேன். அவசரமில்லை, மெதுவாகத் திருப்பி அனுப்பலாம்.