புகார் கேட்கப் போனவர்

கோட்டக்குப்பத்தில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் துபாயா, சவூதியா என்பது மட்டும்தான் கேள்வி. யாஹ்யா தான்சானியா என்று சொன்னபோது அவரைப் பெற்ற அத்தா ஜமால் முகம்மதுக்கு முதலில் அது என்ன ஊர் என்றே பிடிபடவில்லை. இருபத்தெட்டு வருடம் ஜித்தாவில் துணிக்கடையில் வேலை பார்த்தவர் அவர்.

"ஊரே வளைகுடாவுக்குப் போய்க்கினு இருக்குது. நீ காட்டுக்குப் போறேங்கிற. மரம் நடறதுக்கு அங்க ஆளு இல்லியா?"

"மரம் நடற வேலை இல்லத்தா. நடற கம்பெனி மேல ஊர்க்காரங்க சொல்ற கம்ப்ளெய்ன்ட்டைக் கேட்டு விசாரிக்கற வேலை."

"சரியாப் போச்சு. ரெண்டு பக்கமும் உன்னைத்தான் திட்டுவாங்க."

யாஹ்யாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. திண்டிவனத்தில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் பதினோரு வருடம் இருந்தார். திருவக்கரைப் பக்கத்துக் கல்குவாரிகளில் வேலை செய்கிறவர்களின் மனுக்களை எழுதுவது, கலெக்டர் ஆபீஸுக்கு அலைவது, இதுதான் வேலை. யார் என்ன சொன்னாலும் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்பார். அந்தக் குணம்தான் அவரைக் கப்பலேற்றியது.

அந்தத் தேக்குத் தோட்டக் கம்பெனி கொஞ்சம் வித்தியாசமானது. காட்டை அழித்து நடுவதில்லை. விளைச்சல் போன வெறும் நிலத்தில்தான் நடும். மரம் வெட்டும்போது பக்கத்துக் கிராமங்களுக்குப் பங்கு உண்டு. ஊர்க்காரர்களின் குறையைக் கேட்கத் தனி அதிகாரி வேண்டும் என்பது அவர்களே வைத்துக்கொண்ட விதி. கம்ப்யூட்டரில் நடந்த நேர்காணலில் மேலாளர் அம்மாள் கேட்டார்: "இந்த நாட்டில் உங்களுக்குச் சொந்தம், நண்பர்கள், யாராவது உண்டா?"

"ஒருத்தரும் இல்லைங்க."

"நல்லது" என்றார் அவர். முன்பு இருந்த அதிகாரி உள்ளூர்க்காரர். அவருடைய மச்சான்மார் புகார்கள் மட்டும் சீக்கிரம் தீர்ந்தன என்று பேச்சு வந்துவிட்டதாம். அதனால் யாருமில்லாத ஆளைத் தேடினார்கள்.

மனைவி சாஜிதாவையும் நான்கு வயது மகள் ஃபஸீஹாவையும் அத்தா வீட்டில் விட்டுவிட்டு யாஹ்யா கிளம்பினார். வருடத்துக்கு ஒருமுறை இருபது நாள் லீவு.

தான்சானியாவின் தெற்கில், கடற்கரையிலிருந்து நான்கு மணி நேரம் உள்ளே தள்ளி இருந்தது அந்தத் தோட்டம். தகரக் கூரை போட்ட ஆபீஸ், அதன் பின்னாலேயே அவருக்கு ஓர் அறை. ஜுமா என்பவர் வண்டி ஓட்டுவார். ஊர்க்காரர்கள் சொல்வதை ஆங்கிலத்தில் மாற்றியும் சொல்வார். யாஹ்யாவுக்கு என்று சில கட்டுப்பாடுகள் இருந்தன. ஊர்க்காரர் வீட்டில் சாப்பிடக் கூடாது. கல்யாணத்துக்குப் போகக் கூடாது. யார் எதைக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. படித்துப் பார்த்தபோது நியாயமாகத்தான் தெரிந்தது. கையெழுத்துப் போட்டார்.

வந்த ஐந்தாம் மாதம் ஹவா என்ற விதவைப் பெண் புகார் கொண்டுவந்தாள். அவள் புருஷனை அடக்கம் செய்த கபர் மேலேயே கன்று நட்டுவிட்டார்கள் என்றாள். அளவெடுத்தவர் அந்த இடத்தைக் கவனிக்காமல் விட்டிருந்தார். யாஹ்யா மூன்று நாள் அந்த வரிசைகளில் நடந்தார், ஊர்ப் பெரியவர்களை அழைத்துக் காட்டச் சொன்னார், எழுதி அனுப்பினார். கம்பெனி மறுக்கவில்லை. நாற்பது கன்றுகளைப் பிடுங்கி, சுற்றி வேலி போட்டு, மேலாளரே வந்து மன்னிப்புக் கேட்டார்.

மறுநாள் ஹவா ஒரு கோழியோடு வந்தாள். யாஹ்யா இரண்டு கையையும் கூப்பி வேண்டாம் என்றார். ஜுமா எவ்வளவோ விளக்கினார். அவள் கோழியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு வழியில் பார்த்தால் ஸலாம் சொல்வதுகூட இல்லை.

ஊர்க்காரர்களோடு சேர்ந்திருக்க மிச்சமிருந்தது வெள்ளிக்கிழமை ஒன்றுதான். ஊர்ப் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழும்போது மொழி தெரியாதது ஒரு குறையாக இல்லை; ஓதுவது கோட்டக்குப்பத்தில் ஓதுவதுதான். ஆனால் தொழுகை முடிந்ததும் வாசலில் ஆட்கள் அவரைச் சூழ ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு வேலை வேண்டும், ஒருவருக்குப் பழைய புகார் என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டும். பக்கத்தில் சில கிறிஸ்தவக் கிராமங்களும் இருந்தன. பள்ளிவாசலுக்குப் போனால்தான் வேலை நடக்கும் என்று அங்கே நினைத்துவிடுவார்களோ என்று யாஹ்யாவுக்குப் பயம் வந்தது. அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவராகவே போவதை நிறுத்திக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை தனியாவா இருக்கீங்க?" என்று சாஜிதா போனில் கேட்டாள்.

"ரூம்லயே லுஹர் தொழுதுடறேன்."

 அவள் பேச்சை மாற்றி ஃபஸீஹாவின் பல் விழுந்ததைச் சொன்னாள்.

இப்படியே இரண்டரை வருடம் போயிற்று. ஊர் மொழியான சுவாஹிலி பேச வந்துவிட்டது. புகார்கள் நூற்றுக்கு மேல் தீர்ந்தன. ஒருவர் வீட்டு வாசற்படியைக்கூட அவர் தாண்டியதில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை சாஜிதாவின் போன் வந்தது. "அத்தா மௌத்தாயிட்டாங்க. விடியக்காலம் தொழ எழுந்தாங்க, அப்படியே உக்காந்துட்டாங்க" என்று அழுதாள். ஊர் போய்ச் சேர இரண்டு நாளாகும். அன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்கே அடக்கம். யாஹ்யா, "காத்திருக்க வேணாம்னு சொல்லிடு" என்றார். அப்புறம் ஆபீஸில் போய் உட்கார்ந்து, முன்னால் இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜுமா ஊரில் சொல்லிவிட்டார் போல. வெள்ளிக்கிழமை நான்கைந்து பேர் வந்து அவரைக் கையோடு அழைத்துப் போனார்கள். ஜும்ஆவுக்குப் பிறகு இமாம் எழுந்து, உடல் முன்னால் இல்லாமல் தொழுகிற காயிப் ஜனாஸா தொழுகையை அறிவித்தார். ஜமால் முகம்மது என்ற பெயர் அவர் வாயில் 'ஜமாலி' என்று வந்தது. முந்நூறு பேர் வரிசையாக நின்றார்கள். யாஹ்யாவுக்குப் பக்கத்தில் நின்றவர் ரஷீதி. மாடு போகும் பாதை கேட்டு அவர் கொடுத்த புகாரை, ஆதாரம் இல்லை என்று யாஹ்யா தள்ளியிருந்தார். தொழுகை முடிந்ததும் ரஷீதி அவர் கையைப் பிடித்துக்கொண்டார், வெகு நேரம் விடவில்லை. ஊரை விட்டு வந்த பிறகு யாஹ்யா அன்றுதான் அழுதார்.

பத்து நாள் கழித்து ரஷீதி அதே பாதைக்குப் புது மனு கொடுத்தார். ஆதாரம் இப்போதும் இல்லை. ஆனால் யாஹ்யா அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். எப்படியாவது கொடுத்துவிட முடியுமா என்று தேடிக்கொண்டிருப்பது அவருக்கே தெரிந்தது. அன்றைக்கே மேலாளருக்கு நடந்ததையெல்லாம் எழுதினார்: இங்கே எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள். இனி இந்த நாற்காலிக்கு நான் சரிப்பட மாட்டேன்.

மேலாளர் நேரில் வந்தார். "நீங்களே சொன்னதற்கு நன்றி. தலைநகர் ஆபீஸில் வேறு வேலை தருகிறேன்" என்றார். யாஹ்யா ஊருக்கே போகிறேன் என்றார்.

வீட்டில் அத்தாவின் அறை காலியாக இருந்தது. அதைத்தான் அவருக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஏழு வயது ஃபஸீஹா சமையலறையில் மெதுவாகக் கேட்டது அவர் காதில் விழுந்தது. "அவங்க எப்பம்மா திரும்பிப் போவாங்க?"

"அப்படிக் கேக்கக்கூடாது. உங்க அத்தா இனிமே போகமாட்டாங்க" என்றாள் சாஜிதா. அன்று மாலை துணி மடித்துக்கொண்டே, "அங்க உங்களுக்குப் பேச்சுத்துணை யாராச்சும் இருந்தாங்களா?" என்று கேட்டாள்.

"பேசறதுதானே என் வேலையே."

"நான் அதக் கேக்கலீங்க."

அவர் ரஷீதியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். மாட்டுப் பாதை, மனு, வரிசை என்று எங்கெங்கோ போயிற்று. சாஜிதா பொறுமையாகக் கேட்டாள். ஆனால் அந்தக் கை எப்படி இருந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

இப்போது யாஹ்யா மறுபடி திண்டிவனத்துக்குத்தான் போகிறார். அவருடைய பழைய இடத்தில் அஸ்வினி என்ற பெண் இருக்கிறாள்; இவருக்கு ஜன்னலோரம் வேறு மேசை. ஃபஸீஹா இப்போதுதான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்திருக்கிறாள். பாண்டி பஸ் ஸ்டாண்டில் ஏழு மணி பஸ் பிடிப்பார். போன வாரம் பஸ்ஸில் போகும்போது ஜுமாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. யாஹ்யா இருந்த இடத்துக்குப் பெரு நாட்டிலிருந்து ஓர் அம்மாள் வந்திருக்கிறாராம். அந்த நாட்டில் யாரையும் தெரியாதாம். அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஜுமா கேட்டிருந்தார்.

யாஹ்யா வெகு நேரம் யோசித்துவிட்டு சுவாஹிலியில் தட்டினார்: "மழை ஆரம்பித்தால் மூன்று மாதம் ரோடு இருக்காது. ராத்திரியில் பேச்சுக் குரல் கேட்க ஒரு ரேடியோ வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்."

செய்தி போய்ச் சேர்ந்தபோது பஸ் கிளியனூரில் நின்றிருந்தது.