பிளாஸ்டிக் மேல் போட்ட கையெழுத்து

எங்கள் அக்கா தையல் கடை வைத்திருக்கிறாள். அவள் கையில் ஒரு காகிதம் சிக்கினால் போதும், லேமினேஷன் செய்துவிட்டுத்தான் மறுவேலை. என் கல்யாணப் பத்திரிகை, மாமாவின் மருந்துச் சீட்டு எல்லாம் எங்கள் வீட்டில் பளபளவென்று இருக்கும். "என்னை எப்போடி உள்ள வெச்சு ஒட்டப் போற?" என்று மாமா கேலி செய்வார்.

மாவு மில்காரர் கடன் வாங்கிக்கொண்டு எழுதிக்கொடுத்த புரோநோட்டையும் அப்படித்தான் ஒட்டி வைத்தாள். கடை இருக்கும் அறையை விலைக்கு வாங்க அவள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. மில்லுக்குப் புது மோட்டார் வேண்டும் என்று கெஞ்சினார். இளகின மனசு, கொடுத்துவிட்டாள்.

இரண்டாம் வருஷம் கொஞ்சம் வட்டி கொண்டுவந்தார். கொடுத்ததை நோட்டின் பின்னால் எழுதி அவர் கையெழுத்துப் போட்டால், வழக்குப் போட இருக்கும் மூன்று வருஷக் கெடு அன்றிலிருந்து புதிதாக ஓடும். பேனாவோ பிளாஸ்டிக்கில் வழுக்கியது. மூட்டைக்கு நம்பர் போடும் மார்க்கரை எடுத்து அதன் மேலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதற்கப்புறம் மனிதர் கண்ணிலேயே படவில்லை. நாலாம் வருஷம் அக்கா வழக்குப் போட்டாள். "கையெழுத்து என்னுதுதாங்க. ஆனா நோட்டுல போடல, பிளாஸ்டிக்லதான் போட்டேன்" என்று கூண்டில் நின்று கூசாமல் சொன்னார். கீழ்க்கோர்ட்டும் அதை ஏற்று, கடன் காலாவதி ஆகிவிட்டது என்று தள்ளிவிட்டது. அறையின் சொந்தக்காரரோ, "அப்பீல் முடியுற வரைக்கும்தாம்மா பொறுப்பேன்" என்று சொல்லி, வேறு ஆட்களுக்கு அறையைக் காட்டத் தொடங்கினார்.

அப்பீல் அன்று நானும் கூடப் போனேன். வழி முழுக்க வாயில் சாமி பேர்தான்.

"நோட்டு வேற, பிளாஸ்டிக் வேறங்கய்யா" என்றார் மில்காரருடைய வக்கீல்.

நீதிபதி நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இந்த உறையைப் பிரிச்சா நோட்டு முழுசா வருமா?"

"கிழிஞ்சிடுங்கய்யா."

"அப்போ ரெண்டும் ஒண்ணாயிடுச்சுன்னு நீங்களே சொல்றீங்க."

சட்டம் எழுத்தையும் கையெழுத்தையும்தான் கேட்கிறது, கெடு தாண்டவில்லை, வட்டியோடு கொடுக்க வேண்டும் என்று அங்கேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

அக்கா என் கையை நெரித்தாள். "என்னடி சொன்னாங்க?"

"ஜெயிச்சுட்டக்கா."

ஆண்டவன் புண்ணியம். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை. வெளியே மில்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். "மோட்டாரை வித்துத்தாம்மா கொடுக்கணும்."

"மோட்டாரை வித்துட்டு எதுல அரைப்பீங்கண்ணே? தவணையா கொடுங்க. முதல் தவணை மட்டும் இப்பவே வேணும். மில்லுல இருக்குற வசூலை எடுத்துட்டு என்கூட வாங்க."

அவ்வளவு வேகமாக அவள் நடந்து நான் பார்த்ததில்லை. மில்லில் நுழைந்து வெளியே வந்தும் வேகம் குறையவில்லை. அவள் பின்னால் மில்காரர், அவர் பின்னால் மூச்சிரைக்க நான். அறைக்காரர் கதவைப் பாதி திறப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டாள்:

"முன்பணம் கொண்டாந்திருக்கோம். இனிமே அறையை யாருக்கும் காட்டாதீங்க."